நாலரை ஏக்கர் தோட்டமும் புளியங்குடி எலுமிச்சையும்

2018 அக்டோபரில் நியூயார்க்கில் ஓர் ஏலம் நடந்தது. 1945-ல் விளைந்த திராட்சையில் தயாரான ஒரே ஒரு பாட்டில் ஒயின் 5,58,000 டாலருக்கு விலை போனது. அன்றைய மதிப்பில் நம்ம ஊர்ப் பணத்துக்கு நாலு கோடி ரூபாய்க்கும் மேல். பிரான்ஸ் நாட்டின் பர்கண்டி பகுதியில் இருக்கும் ரொமானே கோன்ட்டி என்ற திராட்சைத் தோட்டத்தின் விளைச்சல் அது. அந்தத் தோட்டத்தின் மொத்தப் பரப்பு 1.81 ஹெக்டேர். நம்ம கணக்குக்கு நாலரை ஏக்கர்.

நாலரை ஏக்கர் என்றால், தென்காசி மாவட்டம் புளியங்குடிப் பக்கம் ஒரு நடுத்தர சம்சாரியின் எலுமிச்சைத் தோட்டம். அவரும் கிணறு வெட்டி, கவாத்து செய்து, முள்ளில் கை கிழிபட்டுத்தான் காய் பறிக்கிறார். ஆனால், மழைக்காலத்தில் விலை சரிந்தால் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் காய் மரத்தடியிலேயே கிடக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? 'அவர்கள் விற்பது மது, நாம் விற்பது எலுமிச்சை' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால், பிரான்சிலேயே எத்தனையோ ஊர்களில் ஒயின் மலிவாகக் கொட்டிக் கிடக்கிறது. பர்கண்டிக்காரர்கள் தங்கள் மண்ணுக்கு ஒரு பெயரைச் சம்பாதித்து, அதைப் பல நூறு வருஷங்களாகக் காவல் காத்தார்கள். நமக்கு அந்தப் பாட்டில் வேண்டாம். அந்தப் பெயரை எப்படிக் காப்பாற்றினார்கள் என்ற கதை வேண்டும். ஏனென்றால், புளியங்குடி எலுமிச்சைக்கும் இப்போது அப்படி ஒரு பெயர் கிடைத்திருக்கிறது.

இடது பக்கம் மலை, வலது பக்கம் சமவெளி

தென்காசியிலிருந்து ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று வரிசையாக ஊர்கள் வரும். வழி முழுக்க இடது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். வலது பக்கம் சமவெளி விரியும். மலையடிவாரத்தை ஒட்டிய நிலங்களில் எலுமிச்சை, தென்னை, மா.

பர்கண்டியின் பெயர்பெற்ற திராட்சைச் சரிவும் ஏறத்தாழ இதே நீளம்தான். சுமார் அறுபது கிலோமீட்டர். அங்கேயும் தெற்கிலிருந்து வடக்கே போனால் இடது பக்கம் குன்று, வலது பக்கம் சமவெளி. கிழக்கு பார்த்த சரிவு என்பதால் காலை வெயில் நேராக விழும். குன்று நம்ம மலை அளவுக்கு உயரமில்லை. சரிவின் அகலமும் பல இடங்களில் ஒன்றிரண்டு கிலோமீட்டரைத் தாண்டாது. அந்த ஒல்லியான பட்டையில் சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் கலந்த மண். சிவப்பு ஒயினுக்கு 'பினோ நுவார்', வெள்ளை ஒயினுக்கு 'ஷார்டொனே' என்று பெரும்பாலும் இரண்டே திராட்சை ரகங்கள். வேடிக்கையாக, 'புலிஞி' என்று ஒரு கிராமம்கூட அங்கே உண்டு!

இரண்டே ரகம் என்பதால் ருசியில் வரும் வித்தியாசம் எல்லாம் மண்ணால் வருவது என்பது அவர்கள் நம்பிக்கை. சரிவின் உச்சியில் மண் மெலிசு. அடியில் ஈரம் அதிகம். நடுவில்தான் அளவாக இருக்கும். அந்த நடுப் பகுதிக்குத்தான் மதிப்பு. மண், காற்று, வெயில், சரிவு, அங்கே பாடுபடும் மனிதரின் பழக்கம் எல்லாம் சேர்ந்ததை பிரெஞ்சில் 'தெர்வார்' என்கிறார்கள். நம்ம ஊரில் 'மண்வாகு' என்பார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம் என்று நிலத்தை வைத்தே பயிரையும் தொழிலையும் வாழ்க்கையையும் பிரித்துப் பார்த்த மொழி நம்முடையது. திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி தன் மலையின் வளத்தைப் பெருமையாகச் சொல்வதும் இந்த மண்வாகைத்தானே!

வயலுக்கு ஒரு பெயர்

பர்கண்டியில் 1098-ல் சீத்தோ என்ற இடத்தில் ஒரு துறவி மடம் தொடங்கியது. அந்தத் துறவிகள் தானமாக வந்த நிலங்களில் திராட்சை வைத்தார்கள். எந்தத் துண்டு நிலத்தில் பழம் முதலில் பழுக்கிறது, எங்கே பனி அதிகம் இறங்குகிறது, எந்தப் பழத்தின் சாறு நாள்பட்டும் கெடாமல் இருக்கிறது என்று தலைமுறை தலைமுறையாகக் கவனித்தார்கள். நல்ல துண்டுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பினார்கள்.

அப்படிப் பிரிந்த ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. ஒவ்வொன்றையும் 'க்ளிமா' என்பார்கள். இன்று அந்தச் சரிவில் 1,247 க்ளிமாக்கள் எல்லை குறிக்கப்பட்டிருக்கின்றன. 2015-ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோயிலுக்கும் கோட்டைக்கும் கிடைக்கிற மரியாதை, வரப்புகளுக்குக் கிடைத்தது.

நம்ம தாத்தா காலத்தில் இங்கேயும் வயலுக்குப் பெயர் இருந்தது. ஆலமரத்து வயல், மேட்டுத் தோட்டம், கிணத்தடிப் புஞ்சை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இன்று பட்டாவில் சர்வே நம்பரும் உட்பிரிவு எண்ணும் மட்டும்தான். பெயர் போனதோடு, எந்தத் துண்டில் எது நன்றாக வரும் என்ற தகவலும் சேர்ந்தே போய்விட்டது.

பெயரைக் காக்க அங்கே ராஜாங்கமும் இறங்கியது. 1395-ல் பர்கண்டியின் பிரபு, 'துணிச்சல்கார பிலிப்' என்று அழைக்கப்பட்டவர், 'கமே' என்ற திராட்சை ரகத்தைப் பிடுங்கி எறியச் சொல்லி உத்தரவு போட்டார். கமே கொத்துக் கொத்தாகக் காய்க்கும், ஆனால் தரம் மட்டம் என்பது அவர் வாதம். விளைச்சல் கூடினால் போதும் என்று போனால் ஊர் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் 600 வருஷங்களுக்கு முன்பே அவர்களுக்கு இருந்தது.

அங்கேயும் பாகப்பிரிவினை

'அவர்களுக்குப் பெரிய பெரிய பண்ணை இருக்கும்' என்று நினைக்கத் தோன்றும். உண்மை நேர்மாறானது.

பிரெஞ்சுப் புரட்சியில் மடங்களின் நிலங்கள் பறிமுதலாகி ஏலத்தில் போயின. அடுத்து 1804-ல் நெப்போலியனின் சட்டம், அப்பா சொத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றது. மூத்தவருக்கு மட்டும் என்ற பழக்கம் ஒழிந்தது. விளைவு, தோட்டங்கள் துண்டு துண்டாயின. துறவிகள் சுவர் எழுப்பிய க்ளோ த வூஜோ என்ற தோட்டம் சுமார் 125 ஏக்கர். இன்று அதற்கு ஏறத்தாழ 80 சொந்தக்காரர்கள்! சிலருக்குச் சில வரிசைக் கொடிகள் மட்டுமே சொந்தம்.

இதைப் படிக்கும்போது உங்கள் சொந்தக்காரர் வீட்டுப் பஞ்சாயத்து ஒன்று ஞாபகம் வரலாம். ரெண்டு ஏக்கர் தோட்டம், ஒரே கிணறு, மூணு அண்ணன் தம்பி. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிப் பார்த்து, சண்டை வந்து, கடைசியில் பிளாட் போட வந்தவருக்குக் கைமாறிய கதை எல்லா ஊரிலும் உண்டு. மலையடிவாரம், அருவிக்குப் பக்கம் என்றால் நிலத்தை வாங்க வருபவர்களும் அதிகம்.

பர்கண்டியில் நிலம் சிதறியபோதும் பெயர் சிதறவில்லை. எண்பது பேருக்குச் சொந்தமானாலும் அது க்ளோ த வூஜோதான். எண்பது பேரும் அதே ரகத்தை, அதே விதிமுறைப்படி வளர்க்க வேண்டும். இவ்வளவுக்கு மேல் மகசூல் எடுக்கக் கூடாது என்ற உச்சவரம்புகூட உண்டு. அதனால்தான் சில வரிசைக் கொடி வைத்திருப்பவருக்கும் அந்தப் பெயரின் மதிப்பில் பங்கு கிடைக்கிறது.

சம்சாரியின் பெயர் தொலைந்த காலம்

இதெல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. நூறு வருஷங்களுக்கு முன்பு பர்கண்டி சம்சாரியின் நிலை நம்ம ஆட்களின் நிலையைப் போலத்தான் இருந்தது.

அங்கே 'நெகோசியான்' என்று மொத்த வியாபாரிகள் உண்டு. போன் என்ற ஊரில் பெரிய பெரிய கிடங்குகள் வைத்திருந்தார்கள். விளைவித்தவர்கள் பீப்பாயைக் கொண்டுபோய் அங்கே கொடுப்பார்கள். வியாபாரி நாலு பேர் சரக்கைக் கலந்து, தன் கடை முத்திரை போட்டு விற்பார். வேறு பகுதியிலிருந்து வந்த மலிவான ஒயினைக் கலந்து, லேபிளில் பர்கண்டிக் கிராமத்தின் பெயரைப் போட்டவர்களும் இருந்தார்கள். பாடுபட்டவர் யாரென்று குடிப்பவருக்குத் தெரியாது.

இதற்கு முன்பே இன்னொரு அடி விழுந்திருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த 'ஃபிலாக்ஸெரா' என்ற சிறு பூச்சி, திராட்சை வேரைத் தின்று பிரான்ஸ் முழுக்கத் தோட்டங்களை அழித்தது. 1870-களில் பர்கண்டிக்கும் வந்தது. கடைசியில், அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள்.

1920-களிலும் 30-களிலும் சில சம்சாரிகள் துணிந்தார்கள். வோல்னே கிராமத்தின் மார்க்கி தாஞ்செர்வீல், நுயி சான் ஜார்ஜின் ஆன்ரி கூஜ், ஜெவ்ரேயின் ஆர்மான் ரூசோ ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். கலப்படத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். வியாபாரிகள் இவர்களிடம் வாங்குவதை நிறுத்தினாலும் பரவாயில்லை என்று, தங்கள் சரக்கைத் தாங்களே பாட்டிலில் அடைத்துத் தோட்டத்தின் பெயரோடு விற்றார்கள். 1935-ல் பிரான்ஸ் அரசு சட்டம் கொண்டுவந்தது. எந்த எல்லைக்குள், எந்த ரகத்தில், எந்த முறையில் விளைந்தால் அந்த ஊர்ப் பெயரைப் போடலாம் என்று வரையறுத்தது. நாம் இன்று 'புவிசார் குறியீடு' என்று சொல்வதற்கு அதுவும் ஒரு முன்னோடி.

பெயரின் மதிப்பு ஊருக்கே புரிந்திருந்ததற்கு ஓர் உதாரணம். 1847-ல் ஜெவ்ரே கிராமம், தன் எல்லையில் இருக்கும் ஷாம்பெர்த்தான் என்ற தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு 'ஜெவ்ரே ஷாம்பெர்த்தான்' ஆனது. 1879-ல் நம்ம புலிஞியும் மோன்ராஷே தோட்டத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஊர்களில் தோட்டத்தால்தான் ஊருக்கு விலாசம்.

புளியங்குடிக்கு வருவோம்

2025-ல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 'எலுமிச்சை நகரம்' என்று ஊருக்கு ஏற்கெனவே பெயர். ரகமும் இந்த மண்ணுக்கே உரியது. இதே மாவட்டத்தின் கடையம் வட்டார எலுமிச்சையிலிருந்து தேர்ந்தெடுத்துத்தான் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தன் பி.கே.எம்-1 எலுமிச்சை ரகத்தை வெளியிட்டது. கொஞ்ச தூரத்தில் வன்னிக்கோனேந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

தமிழ்நாட்டின் திராட்சைக்கும் இந்த மரியாதை கிடைத்திருக்கிறது. தேனி மாவட்டத்தின் கம்பம் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. பர்கண்டியில் வருஷத்துக்கு ஒரே அறுவடை. கம்பம் பள்ளத்தாக்கிலோ முல்லைப் பெரியாறு தண்ணீரும் மலைக்காற்றும் சேர்ந்து, ஏதாவது ஒரு தோட்டத்தில் வருஷம் முழுக்க அறுவடை நடக்கும். இந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்கு 1832-ல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்கிறார்கள். குற்றாலம் சீசனில் அருவிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மங்குஸ்தான், ரம்புட்டானுக்குப் பக்கத்தில் கருநீலமாகக் குவிந்திருக்கும் பன்னீர் திராட்சையைப் பார்த்தால் இது ஞாபகம் வரட்டும்.

சரி, குறியீடு கிடைத்துவிட்டது. மூட்டைக்குக் கூடுதல் விலை கிடைக்குமா? தானாகக் கிடைக்காது.

இந்தியாவில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் நிறைவேறி, 2003-ல் நடைமுறைக்கு வந்தது. பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. குறியீடு சங்கத்தின் பெயரிலோ அமைப்பின் பெயரிலோ பதிவாகும். ஆனால், ஒவ்வொரு சம்சாரியும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிவு செய்துகொண்டால்தான் அந்தப் பெயரையும் முத்திரையையும் சட்டப்படி பயன்படுத்த முடியும். பதிவுக்கு ஆயுள் 10 வருஷம். பிறகு புதுப்பிக்க வேண்டும். இந்த இரண்டாவது படியை எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது நடப்பது என்ன? காய் கமிஷன் கடைக்கு வருகிறது. ஏலம் நடக்கிறது. மூட்டை லாரி ஏறுகிறது. பெரிய சந்தை கேரளா. அங்கே போய் இறங்கும்போது அது வெறும் 'எலுமிச்சை'. வேறு ஊர்க் காயோடு கலந்து குவிந்துவிடும். பர்கண்டியின் பீப்பாய் காலம் இதுதான். கமிஷன் கடைக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முன்பணம் கொடுப்பதும், அவசரத்துக்கு உதவுவதும் பல வீடுகளில் அவர்தான். குறை, மூட்டைமேல் ஊர்ப் பெயர் இல்லாததில் இருக்கிறது.

பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்காசிக்காரர்களுக்கு வெளியே உதாரணம் தேட வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. எல்லையில் இருந்ததால் பிரானூர் 'பார்டர்' ஆனது. அங்கே ருசியான பரோட்டா, 'பார்டர் பரோட்டா' ஆனது. இன்று தமிழ்நாட்டில் எந்த ஊர் ஹைவேயிலும் 'பார்டர்' போர்டைப் பார்க்கலாம். ருசி இங்கே பிறந்தது. பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டார்கள்.

சட்டத்திலும் ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. 1995-ல் அமலுக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம், ஒயினுக்கும் சாராய வகைகளுக்கும் மட்டும் கூடுதல் பாதுகாப்பு தருகிறது. 'பர்கண்டி மாதிரி' என்று போடுவதும் தப்பு. மற்ற பொருள்களுக்கோ, வாங்குபவர் ஏமாந்தார் என்பதை நிரூபிக்க வேண்டும். இந்த உயர்ந்த வேலியை எல்லாப் பொருளுக்கும் போடச் சொல்லி இந்தியா நெடுங்காலமாகக் கேட்டு வருகிறது. அதுவரை எலுமிச்சைக்கு வேலி கொஞ்சம் தாழ்ந்ததுதான். அதனால் நாமே விழித்திருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

பர்கண்டி கதையிலிருந்து புளியங்குடிக்கு எடுத்துக்கொள்ளக்கூடியவை இவை:

முதலில், தரம் பிரிப்பது. பர்கண்டியில் சாதாரணம், கிராமம், முதல் தரம், உச்ச தரம் என்று படிகள் உண்டு. உச்ச தரம் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். எல்லாக் காய்க்கும் முத்திரை குத்தினால் முத்திரைக்கு மதிப்பு இருக்காது. நல்ல அளவு, மெல்லிய தோல், சொறி இல்லாத காய்க்கு மட்டும் முத்திரை என்று சங்கமே கட்டுப்பாடு வைக்கலாம்.

இரண்டாவது, மிஞ்சும் காய். விலை சரியும் காலத்தில் ஊறுகாய், சாறு, உலர்த்திய எலுமிச்சை என்று மாற்ற உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, மகளிர் குழுவோ கைகொடுக்கலாம். ஊறுகாய் பாட்டிலில் 'புளியங்குடி எலுமிச்சை' என்ற வரி இருந்தால், சென்னையிலோ சிங்கப்பூரிலோ வாங்குபவர் கண்ணில் ஊர்ப் பெயர் படும்.

மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகம். போன் ஊரில் திராட்சை அறுவடை தொடங்கிய தேதிகள் 1354 முதலே கிடைக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் அவற்றைத் தொகுத்து 2019-ல் வெளியிட்டபோது, 1988-க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முன்னதாகவே வந்துவிடுவது தெரிந்தது. சூடு கூடுவதற்கு அந்தத் தேதிகளே சாட்சி. கொடி முன்கூட்டியே துளிர்ப்பதால் ஏப்ரல் மாதப் பனியில் கருகும் ஆபத்தும் இருக்கிறது. 2021 ஏப்ரலில் பிரான்ஸ் முழுக்கத் தோட்டங்களில் இரவெல்லாம் தீ மூட்டிக் காவல் இருந்தார்கள். சாரல் எப்போது தொடங்கும் என்று வானத்தைப் பார்க்கும் நாமும், பூ எப்போது எடுத்தது, காய் எப்போது பறித்தோம், மூட்டை என்ன விலை போனது என்று எழுதி வைக்கலாம். பேரன் பேத்தி காலத்தில் அந்த நோட்டு ஒரு சொத்து.

பெயர் வந்த பிறகும் கவனம்

கதையின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பர்கண்டியில் உச்ச தர நிலத்தின் விலை ஹெக்டேருக்குப் பல மில்லியன் யூரோ. அப்பா இறந்தால், வாரிசு வரி கட்ட முடியாமல் பிள்ளைகள் தோட்டத்தை விற்க வேண்டிய நிலை. 2014-ல் க்ளோ தே லாம்ப்ரே என்ற தோட்டத்தை ஆடம்பரப் பொருள்கள் விற்கும் எல்.வி.எம்.ஹெச் நிறுவனம் வாங்கியது. 2017-ல் க்ளோ த தார் என்ற பழம்பெரும் தோட்டம் கோடீஸ்வரர் பினோவின் நிறுவனத்துக்குப் போனது. பெயர் வளர்ந்து, அதைச் சம்பாதித்துக் கொடுத்தவர்களையே வெளியே அனுப்பும் அபாயமும் உண்டு.

அதே பர்கண்டியில் இதற்கு மாற்றும் இருக்கிறது. 1443-ல் நிக்கோலா ரோலன் என்பவர் போன் நகரில் ஏழைகளுக்காக ஒரு மருத்துவமனை கட்டினார். பலர் அதற்குத் திராட்சைத் தோட்டங்களை எழுதி வைத்தார்கள். நம்ம கோயில் கட்டளை போலத்தான். 1859 முதல் ஒவ்வொரு நவம்பரிலும் அந்த ஒயினைப் பொது ஏலத்தில் விற்று, வரும் பணத்தை மருத்துவமனைக்கும் தர்மத்துக்கும் செலவிடுகிறார்கள். அதே 15-ஆம் நூற்றாண்டில்தான் பராக்கிரம பாண்டியன் தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டினான். பின்னால் இந்தக் கோயிலைக் காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தான் அந்த ராஜா. கட்டுவதைவிடக் காப்பது பெரிது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

புளியங்குடி எலுமிச்சை விஷயத்திலும் காக்கிற வேலையில் வாங்குபவர்களுக்கும் பங்குண்டு. அடுத்த முறை கடையில் எலுமிச்சை வாங்கும்போது, 'இது எந்த ஊர்க் காய் அண்ணாச்சி?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் மண்டியில் கேட்பார். மண்டிக்காரர் மூட்டையைப் பார்ப்பார். மூட்டையில் ஊர்ப் பெயர் எழுத ஒரு காரணம் கிடைக்கும்.